கீழ் வீட்டுக் கூட்டம்

பெரியப்பா யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். "நீங்க என்ன கூட்டமுங்க?" எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் கூட்டம் என்றால் குலப்பிரிவு. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். பதில் வந்த அடுத்த நிமிஷம் பெரியப்பா எதிரில் இருப்பவரை அண்ணனாகவோ மச்சானாகவோ ஆக்கிக்கொண்டு பேச உட்கார்ந்துவிடுவார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஒன்பது வயதில், கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில், எனக்குத் தெரிந்த கூட்டம் வேறு. மடக்கு நாற்காலிகளைப் போட்டு, மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்து, பேசுகிறவர் ஒருவழியாகப் பேசி முடித்ததும் பேப்பர் தட்டில் புளியோதரை தருவார்களே, அதுதான் கூட்டம்.

அவர் ஆறு மாத விசாவில் எங்களிடம் வந்தது இரண்டாயிரமாவது வருஷம். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே, freeway-இல் கார் ஏறுவதற்கு முன்பே, அப்பா சொல்லிவிட்டார். "அண்ணா, இங்க யார்கிட்டயும் கூட்டம் கீட்டம்னு விசாரிக்காதீங்க. ரொம்ப அசிங்கமாப் போயிரும்."

"நான் எதுக்குடா கேக்கறேன்," என்றார் பெரியப்பா. அன்றிலிருந்து மூச்சை அடக்குவதுபோல அந்தக் கேள்வியை அடக்கி வைத்திருந்தார், பாவம்.

ஊரில் அவர் யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றவர். ஆகவே அரசியல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச ஆளில்லாமல்தான் தவித்தார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்பார்ட்மென்ட் பார்க்கிங் லாட்டைப் பதினைந்து சுற்று சுற்றிவிட்டு வந்து, "இந்த ஊர்ல மனுசங்க எங்கதான் கண்ணு இருக்கறாங்க?" என்று என்னைக் கேட்பார்.

மனுசர்கள் எதிர் பிளாக்கில் இருந்தார்கள். சோமாலியாவில் சண்டை மூண்டபோது ஓடிவந்த குடும்பம். அந்த வீட்டு ஹோதன் என் வகுப்பு. நாங்கள் சிநேகமானதே பெயரால்தான். பள்ளிக்கூடத்து ஆபீசில் அம்மாவின் last name ஒன்று, அப்பாவினது வேறு, என்னுடையது இன்னொன்று; நாங்கள் ஒரே குடும்பம்தானா என்று அங்கே உட்கார்ந்திருந்த கிளார்க் அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா, அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேஜையில் ஹோதனின் அம்மாவும் அதே கதையை அதே எரிச்சலோடு விளக்கிக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

ஹோதனின் அப்பாவை நான் அதீர் என்று கூப்பிட்டேன். சோமாலி மொழியில் சித்தப்பா என்று அர்த்தம். அவரும் பதிலுக்கு என்னை அதீர் என்றே கூப்பிடுவார். நம் வீடுகளில் பெற்ற மகளை "வாம்மா" என்பதில்லையா, அந்த மாதிரி. டாக்சி ஓட்டினார். அவர் வீட்டுக்கு நேர் மேலே தனியாகக் குடியிருந்தவர் மாடி அதீர். ஏர்போர்ட் பார்க்கிங் கூண்டில் டிக்கெட் கிழிப்பார். ஹோதன் கயிறு தாண்டும்போது தாவலுக்கு ஒன்றாகத் தன் முன்னோர்களின் பெயரைச் சொல்வாள். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று பதினேழு பேர். எனக்கு மூன்றாவது பெயரிலேயே வண்டி நின்றுவிடும். நாலாவதாக எங்கள் ஸ்கூல் பஸ் டிரைவரின் பெயரைச் சேர்த்துக்கொள்வேன். ஹோதனுக்கும் பதினோராவது பெயர் மட்டும் எப்போதும் மறக்கும். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் மாடி அதீர் உடனே எடுத்துக் கொடுப்பார். அந்தப் பட்டியல் அவருக்கு அத்தனை மனப்பாடம். அப்படியென்றால் அவர் அதீரின் சொந்தத் தம்பிதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அதீர் வீட்டில் ஆண்கள் கூடுவார்கள். லண்டனிலிருந்து வரும் சோமாலி ரேடியோவைக் கேட்டுவிட்டு ஒரு மணி வரைக்கும் சண்டை போடுவார்கள். மாடி அதீர்தான் டீ போடுவார். ஏலக்காயும் கிராம்பும் பட்டையும் தட்டிப் போட்ட அந்த டீயின் வாசனை எங்கள் பால்கனி வரை வரும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே பெரியப்பா ஒருநாள் உள்ளே போய்விட்டார். நான் மொழிபெயர்க்கப் பின்னாலேயே ஓடினேன்.

அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது. ஆனாலும் சரியான இடத்தில் தலையாட்டுவார், சரியான இடத்தில் தொடையில் தட்டுவார். இரண்டாவது வாரமே அவரை நடுவராக்கிவிட்டார்கள். இரு தரப்பும் கத்தி ஓய்ந்து அவர் முகத்தைப் பார்த்தால், "அதெல்லாம் ஒத்துக்க முடியாதுங்க!" என்பார். நான் அதை இங்கிலீஷில் சொல்வேன். எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்பார்கள். நான் அவரைக் கேட்பேன்.

"எல்லாத்தையுந்தான் கண்ணு."

அறையே இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பார்கள்.

அந்த வீட்டு டிவிக்கு மேலே சோமாலி மொழியில் எழுதிய ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யாரும் யாரையும் 'நீ என்ன' என்று கேட்கக்கூடாது என்று எழுதியிருப்பதாக ஹோதன் சொன்னாள். அவர்கள் நாட்டிலும் குலங்கள் உண்டு, அந்தக் குலங்களுக்குள்தான் சண்டையே என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நல்ல பழக்கம்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் சோமாலியாவுக்காகப் பக்கத்து நாடான ஜிபூட்டியில் சமாதான மாநாடு நடந்தது. புதிய சபையில் யாருக்கு எத்தனை இடம் என்று ரேடியோவில் சொன்ன சனிக்கிழமை, அறையில் எல்லாரும் விரலை நீட்டி எண்ணினார்கள். நாலு விரல், அப்புறம் பாதி மடக்கிய கட்டை விரல். நாலு பெரிய கோஷ்டிகளுக்கு ஆளுக்கொரு பங்கு, மீதி இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து அரைப் பங்கு என்று ஹோதன் காதில் சொன்னாள். நான் பெரியப்பாவிடம் சொன்னேன். "நாலரையா! நல்ல கணக்குத்தான்," என்றார். அதீர் தன் கருத்தைச் சொன்னார். அரையாவது கிடைக்கிறதே, முதலில் துப்பாக்கிச் சத்தம் நிற்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்கிற மாதிரி.

மாடி அதீர் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அவர் அந்த அரைக்குள் அடங்கிய ஆள். கெட்டிலைத் தரையில் வைத்தார். இன்று அரை ஆள் உட்காரட்டும், முழு ஆட்கள் எழுந்து டீ ஊற்றட்டும் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் உட்காரவும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அடுத்த நாலு சனிக்கிழமையும் வரவில்லை. அதீர் போட்ட டீயைக் குடிக்க முடியவில்லை. அவர் மேலே போய்க் கதவைத் தட்டுவார், திறக்காது. கீழே வந்து பார்க்கிங் லாட்டில் நின்று மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். அத்தனை பெரிய மனிதர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது. ஹோதனும் பத்தாவது பெயரிலேயே கயிற்றைக் கீழே போட்டாள். அப்புறம் அவள்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள். மாடி அதீர் வீட்டைக் காலி செய்கிறார், திங்கட்கிழமை மினியாபொலிஸ் போகிறார், இனி வரமாட்டார்.

"இதென்ன கெரகம்!" என்றார் பெரியப்பா. "போறவன உட்டுட்டா அப்புறம் புடிக்க முடியாது. வா கண்ணு, நாம போய்ப் பேசலாம்." ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கில் மிச்சமிருந்ததைப் பொட்டலம் கட்டிக்கொண்டார். அன்று சனிக்கிழமை. கீழே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு மாடி அதீர் கதவைத் திறந்தார். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். பெட்டி மேலேயே எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். ஒரு மாதமாகக் காணாத டீ. பெரியப்பா இரண்டு வாய் குடித்தார், தொண்டையைச் செருமினார். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒருபக்கம் இழுத்திருக்கும். ஆனால் என்ன கூட்டம் என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படிப் பஞ்சாயத்து பேசுவான்?

"கேளு கண்ணு. அவரு என்ன கூட்டமுங்கன்னு கேளு."

"விச் மீட்டிங் ஆர் யூ?" என்று கேட்டேன்.

மாடி அதீர் என்னையே பார்த்தார். பிறகு வெறுங்காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். தனக்கு இருக்கிற மீட்டிங் ஒன்றே ஒன்றுதான், அது கீழே இருக்கிறது என்றார்.

"கீழ் வீட்டுக் கூட்டமாம், பெரியப்பா."

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏங்கண்ணு, நல்லாக் கேட்டியா? அவரு கூட்டமும் இவரு கூட்டமும் ஒண்ணா?"

"ஆமா பெரியப்பா. ஒரே கூட்டம். எவரி சனிக்கிழமை."

சனிக்கிழமை அவர் காதில் விழவே இல்லை. அறுபத்து மூன்று வயசு மனிதர் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார். செருப்புக்கூடப் போடவில்லை. நேரே அதீர் முன்னால் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பங்காளிக்குள்ள என்னங்க அரை, முழுசு? வெக்கமா இல்ல?" என்று ஒரு சத்தம் போட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பங்காளி என்றால் என்னவென்று தெரியாது. கேட்டேன்.

"ஒரே வம்சம் கண்ணு. ஒரே பாட்டன், முப்பாட்டன், அவனுக்கும் மேல எல்லாரும் ஒண்ணு."

அது தெரியுமே எனக்கு! பட்டியல்! ஹோதன் கயிறு தாண்டுகிற பட்டியல். அதீரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: மாடி அதீர் உங்கள் பட்டியலில் இருக்கிறாராம். அதை அவரே சொன்னாராம்.

அதீர் என் தோளைப் பிடித்தார். "ஹி செட்? ஹிம்செல்ஃப்?"

ஆமாம் என்றேன். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது கீழே இருக்கிறது என்று தரையைத் தட்டிக் காட்டினார் என்றேன். யாரோ ரேடியோவை அணைத்தார்கள். அதீர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து படியேறினார். நானும் ஓடப் பார்த்தேன். பெரியப்பா என் சடையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

தலைக்கு மேலே, மாடியில், ஒரு குரல் ஒரு பெயரைச் சொன்னது. இன்னொரு குரல் அடுத்த பெயரைச் சொன்னது. மாறி மாறி. ஹோதன் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். பதினோராவது பெயர் மாடி அதீரின் குரலில் வந்தபோது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள்.

இருவரும் சேர்ந்தே இறங்கி வந்தார்கள். மாடி அதீர் கெட்டிலைத் தேடினார். அதீர் அதைத் தரவில்லை. அவரை உட்காரவைத்து, அன்றைக்கு அதீரே டீ போட்டு, முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தார். வாயில் வைக்க விளங்கவில்லை, ஆனாலும் மாடி அதீர் முழுக்கக் குடித்தார். மினியாபொலிஸுக்கு ஒருவரும் போகவில்லை. முப்பது வருஷ சர்வீசில் பேசின பஞ்சாயத்தெல்லாம் ஒரு தட்டு, இது ஒரு தட்டு என்று பெரியப்பா சாகும்வரை பெருமையடித்துக்கொண்டார். ஒரே கூட்டம் என்று கண்டுபிடித்தது அவர்தானே.

அவர்கள் ஒரே குலம் இல்லை. கல்லூரி முடிக்கிற வருஷம் போனில் ஹோதன்தான் சொன்னாள். சண்டை நடந்த காலத்தில் தலைநகர் மொகதிஷுவை விட்டு வெளியேறும் பாதை முழுக்கத் துப்பாக்கியோடு வழிமறித்து, நீ என்ன குலம் என்று ஒரே கேள்விதான் கேட்பார்களாம். சரியான பதில் சொன்னால் போகலாம். மாடி அதீருக்குச் சொல்ல எந்தப் பதிலும் சரியான பதில் இல்லை. அதீர் ஒரு மத்தியானம் முழுக்கத் தன் பாட்டன் முப்பாட்டன் பெயரையெல்லாம் அவருக்கு மனப்பாடம் பண்ணிவைத்து, என் தம்பி என்று சொல்லி அழைத்துவந்தார். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அன்று மாடி அதீரின் மனதில் நிற்காத பெயர் அந்தப் பதினோராவது பெயர்தானாம். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் டீ கொடுத்த மனிதரிடம், அந்தக் கேள்வியையா நான் தப்பாக மொழிபெயர்த்தேன்!

ஆனால் ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கேள்வியைக் கேட்டால் மனிதர்கள் ஒட்டிக்கொள்வார்கள் என்பதுதான். அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். பெரியப்பா தோட்டத்தில் ஒருவர் தேங்காய் போட்டு முடித்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் போய் மரியாதையாக, பெரியப்பா கேட்பதுபோலவே கேட்டேன். "நீங்க என்ன கூட்டமுங்க?"

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். பெரியப்பாவைப் பார்த்தார். எதற்கும் குரல் தாழ்த்தாத பெரியப்பா என்னை உள்ளே இழுத்துப் போய் மெதுவாகச் சொன்னார். "அவங்ககிட்ட எல்லாம் அதைக் கேக்கக்கூடாது கண்ணு."

அதீர் வீட்டு டிவிக்கு மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் பெரியப்பாவும் கற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.