பின்வீட்டுக்குச் சீல் வைத்தார்கள்

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. சொந்தக்காரர்கள் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா இன்றும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அன்னைக்குன்னு பாத்து ஊடு கூட்டாமக் கெடந்துச்சுங்க." வந்தது கொலை விசாரணைக்கு. அவளுக்கோ, கூட்டாத வீட்டை இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே என்ற வருத்தம்தான் தீரவில்லை.

சூலூரில் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த மோட்டார் ரூமைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி, ஒரு சமையல் மேடையும் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து தறிக்குடோனில் துணி நெய்யும் வேலைக்கு வந்த ஓர் அண்ணன் அதில் தனியாகக் குடியிருந்தார். மோட்டார் சுவிட்சு அவர் அறைக்குள்ளேதான் இருந்தது. காலையில் அவர் எழுந்து மோட்டார் போடுகிற சத்தத்தில்தான் எங்கள் வீடு கண் விழிக்கும்.

ஒருநாள் தறிக்குடோன் முதலாளி குடோனுக்குள்ளேயே வெட்டுப்பட்டு இறந்துகிடந்தார். ஊருக்குப் போக லீவு கேட்டு முந்தின நாள்தான் அண்ணன் அவரோடு எல்லோர் முன்னாலும் வாக்குவாதம் செய்திருந்தார். போலீஸ் அவரைக் குடோனிலேயே பிடித்து ஜீப்பில் ஏற்றியது. இன்னொரு ஜீப் எங்கள் வாசலுக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "பயப்படாதீங்க. பின்னாடி ஊட்டப் பாத்துப்போட்டு, உங்க ஊட்டயும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயர்றோமுங்க."

பின்வீட்டில் ஒரு பாய், ஒரு பெட்டி, இரண்டு பாத்திரம். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. எங்கள் வீடுதான் முடியவில்லை. பரண்மேலிருந்து தொட்டில் இறங்கியது, ஓடாத மிக்சி இறங்கியது, பிறகு பிரிக்காத பெட்டியோடு ஒரு சுவர்க்கடிகாரம் இறங்கியது. என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, புதுமனை புகுவிழாவுக்குக் கொடுத்தது. கீழே விழுந்து உடைந்துவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். போலீஸ் வந்த செய்தி கேட்டு ஓடிவந்த அத்தை அப்போது நடுவீட்டில்தான் நின்றிருந்தார். "உடஞ்சது நல்லாத்தான் இருக்குது அம்மணி" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்த கான்ஸ்டபிள் ஒருவர், கொலைக்கான தடயமே கிடைத்துவிட்டதோ என்று அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

சமையலறையில் அரிவாள்மனையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"அது பீட்ரூட்டுங்க சார்" என்றாள் அம்மா.

"பீட்ரூட்டா இல்லையான்னு லேப்புல சொல்லுவாங்கம்மா."

அரிவாள்மனை, காய் நறுக்கும் கத்திகள், தேங்காய் உடைக்கும் கொடுவாள் எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். "ஏனுங்க சார், தேங்காத் துருவறதையாச்சும் உட்டுட்டுப் போங்க" என்று அம்மா பின்னாலேயே போனாள். அதுவும் ஜீப்பில் ஏறியது. கடைசியாகப் பின்வீட்டைப் பூட்டி அரக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயந்தரம் குழாயில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று வந்தபோதுதான் மோட்டார் சுவிட்சு உள்ளே இருப்பது எல்லோருக்கும் உறைத்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நின்றுபோன மோட்டார்களை எல்லாம் ஓடவைக்கும் அப்பா, சொந்த மோட்டாரைப் போட அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனார். வெளியிலிருந்து வயர் இழுத்துவிடலாம்தான். ஆனால் தடயத்தைக் கலைத்ததாகக் கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அதனால் தினமும் காலையில் ஓர் ஏட்டய்யா வந்தார். சீலை உடைத்து, மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறையும்வரை காத்திருந்து, நிறுத்திவிட்டு, புதிதாகச் சீல் வைப்பார். தொட்டி நிறைவதற்குள் காப்பி ஆகும், இட்லியும் ஆகும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து தோழிகளைக் கூட்டிவந்து அரக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். வகுப்பில் அதுவரை என்னைக் கண்டுகொள்ளாதவர்கள்கூட என் பக்கத்தில் உட்கார அடித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, சாம்பார்ல கத்திரிக்கா முழுசு முழுசாக் கெடக்குது?" என்று ஏட்டய்யா ஒருநாள் கேட்டார்.

"கத்தியெல்லாம் நீங்கதானுங்களே கொண்டுபோனீங்க."

மறுநாள் அவர் தன் வீட்டுக் கத்தி ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். "ஸ்டேஷன்ல சொல்லிப்போடாதீங்க" என்று அம்மாவிடம் கொடுத்தார்.

பால்காரர் மட்டும் கேட்டுக்கு உள்ளே வராமல் பால் தூக்குப்போசியை வெளியிலேயே மாட்டிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். அப்பாவின் கடைக்கோ கூட்டம் வந்தது. நன்றாக ஓடும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து, "என்னன்னு பாருங்க, அப்புறம் அந்தக் கேசு என்னாச்சுங்க?" என்று உட்கார்ந்துகொள்வார்கள்.

முதல் நாள் இன்ஸ்பெக்டரிடம் "தங்கமான பையனுங்க சார்" என்றவர் அப்பாதான். கடையில் கேட்க ஆள் சேரச் சேர அந்தத் தங்கம் மங்கிக்கொண்டே வந்தது. "ஆளு அமைதிதானுங்க. ஆனா அந்த அமைதிதான் எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு, "பொழுது உழுந்தா லைட்டே போடமாட்டானுங்க. இருட்டுலயே உக்காந்திருப்பான்" என்றார். கடைக்கு விசாரிக்க வந்த போலீஸிடமும் அதையே சொன்னார். அண்ணன் அறையில் பல்பு எரியாமல் போனதும், மாற்றித் தருவதாக அப்பா சொல்லிக்கொண்டே இருந்ததும் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். "ஏனுங்க, வாய வெச்சுட்டுச் சும்மா இருங்க" என்று அதட்டினாள்.

கடைசியில் முதலாளியின் மச்சினனே பிடிபட்டான். கத்திகள் திரும்பி வந்தன. பின்வீட்டு அரக்குச் சீலையும் எடுத்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார். வெயிலில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மூடியிருந்தார். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கே போவதாகச் சொன்னார். அப்பா பதறிப்போனார்.

"எதுக்குங்க தம்பி? நீங்க பாட்டுக்கு இருங்க. பெயிண்டு அடிச்சுத் தர்றேன். போலீஸ் கேட்டப்பக்கூட உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னேன்."

"சொன்னாங்கண்ணே" என்றார் அவர். குரலில் கோபம் எதுவும் இல்லை. "லைட்டப் போடாம இருட்டுல என்னடா பண்ணுவேன்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க."

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அவர் அதை வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ஜீப் போன நாளிலிருந்து அதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அண்ணா, ஜீப்புல ஜன்னலோரமா உக்காந்தீங்களா?"

அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அண்ணன் கை கழுவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்ல பாப்பா. நடுவுலதான் உக்கார வெச்சாங்க. ரெண்டு பக்கமும் ஆளு."

எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவு தூரம் ஜீப்பில் போயும் அவருக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லையே என்று.