ஆள் உயரம் வராத செடி

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். காலையில் பின்கதவைத் திறந்தால் என் ஓர்ப்படியின் முகம் என் கண்ணில் படக்கூடாது. ஓர்ப்படி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. திருமுல்லைவாயிலில் மாமனார் பயிர் வைத்த நிலமெல்லாம் பிளாட்டாகப் போனபின் மிஞ்சிய ஒரு மனையில், பிள்ளைகள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொது. துணி துவைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அங்கேதான். முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

சண்டை பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் எங்கம்மா வீட்டுச் சீர்த்தட்டுகள் வந்தபோது, மண்டபம் நிறைய சொந்தக்காரர்கள் இருக்க, "இன்னா, பதினொன்னுதானா?" என்று கேட்டுவிட்டாள். மீதிப் பத்துத் தட்டு ஏறியிருந்த வேன் ஆவடியில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பத்தும் வந்து சேர்வதற்குள் எங்கள் பேச்சு நின்றுவிட்டது.

நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிடலாம் என்றேன். மாமனார் ஒரே வார்த்தையில் முடித்தார். "நான் கண்ண மூடற வரிக்கும் நடுவுல செவுரு வரக்கூடாது." சரி, சுவர் வேண்டாம். செடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் நசரத்பேட்டை நர்சரிக்குப் போனேன்.

நர்சரிக்காரரிடம் எப்படிப்பட்ட செடி வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும். இலை கொட்டக்கூடாது, முள் கூடாது, பூக்க வேண்டும், கண்டபடி படராமல் அடக்கமாக இருக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார், குடும்ப விஷயத்தை ரோட்டோரத்தில் நின்று சொல்ல முடியுமா? "வளருமா?" என்று கேட்டேன். "நல்லா வளரும்மா" என்றார். அவரும் எவ்வளவு என்று சொல்லவில்லை. சிவப்பு இட்லிப்பூச் செடி பன்னிரண்டு வாங்கி, எல்லைக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே, என் பக்கத்தில் வரிசையாக நட்டேன்.

ஒரு வருஷம் ஆனது. மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன். நான்கு விரல் வளர்ந்திருந்தது. கணுக்காலைத் தாண்டி ஆடுசதைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓர்ப்படியின் முகம் அதே இடத்தில், இப்போது பூங்கொத்துகளுக்கு மேலே, கல்யாண ஆல்பம் போலத் தெரிந்தது. பூ மட்டும் அப்படிப் பூத்தது. அவள் பக்கம் பூத்ததையெல்லாம் அவள் பறித்துச் சாமிக்கு வைத்துக்கொண்டாள்.

நேராக நசரத்பேட்டைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அந்த மனுஷன் அசரவே இல்லை.

"நீங்க இன்னாம்மா கேட்டீங்க? அடக்கமா இருக்கணும்னு கேட்டீங்க. அடக்கமா கீதா இல்லியா? இது குட்ட ரகம். வருஷத்துக்கு அர அடி போனா ஜாஸ்தி. மூணு அடிக்கு மேல போவாது."

பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம்தான். ஆனால் தோற்றுப் போனதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாளே. விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அவள் செடியோடு பேச ஆரம்பித்தாள். என்னோடு பேசாதவள், நான் துவைத்துக்கொண்டிருக்கும்போது குனிந்து செடியிடம், "இன்னா செடி நீ, ஒரு வருஷமா அப்டியே குந்திகினு கீறே. வெச்சவங்க ராசி அப்டி" என்றாள். எனக்கு வந்ததே கோபம். ஜாடை பேசுவது எனக்கு மட்டும் வராதா? நானும் செடியைப் பார்த்து, "உனுக்குத் தண்ணி ஊத்தறது ஒருத்தி, பூவுக்கு மட்டும் இன்னொருத்தி கைய நீட்டினு வரா. வெக்கமே இல்ல சிலருக்கு" என்றேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

இப்படியே தினமும் நடந்தது. முதலில் குத்தல் மட்டும்தான். பிறகு எப்படியோ அதில் சமாச்சாரமும் கலந்துவிட்டது. "நாளிக்கு கரண்டு இல்லியாம் செடி, மோட்டர இன்னிக்கே போட்டுக்கோ." "ரேஷன்ல பருப்பு வந்துகீது, சீக்கிரம் போனா கெடைக்கும்." ரேஷன் பருப்பு வாங்கும் செடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் செடி வாங்கியது. ஒரு தடவை எனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஒரு வாரம் எழ முடியவில்லை. நான்காம் நாள் பின்கதவருகே வந்து உட்கார்ந்தால், செடியின் அடியில் மூடி போட்ட ஒரு சொம்பு. திறந்தால் சூடாகக் கஞ்சி. அந்தப் பக்கத்திலிருந்து, "ஆறிடப் போவுது செடி, குட்ச்சிடு" என்று சத்தம் மட்டும் வந்தது. குடித்தேன். செடி குடித்ததாகவே இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

மாமனார் மட்டும் இந்தக் கூத்து எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று சாப்பிடுவார். மாதம் பிறந்தால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செடியைத் தாண்டுவார். மூன்றாம் வருஷம் அவரால் தாண்ட முடியாமல் தெருப்பக்கமாகச் சுற்றி வந்தார். செடி முழங்கால் உயரத்தில்தான் இருந்தது, அவர் கால்தான் எழும்பவில்லை. நான்காம் வருஷம் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று ஓர்ப்படியும் நானும் அருகருகே உட்கார்ந்து அழுதோம், நடுவில் செடி இல்லாததால் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிறகு அவர்கள் தங்கள் பக்கத்தை விற்றுவிட்டு, பூந்தமல்லியில் மகன் வாங்கிய அடுக்குமாடிக்குப் போவதென்று முடிவானது. என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதைத்தானே நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், கிடைத்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வண்டி வந்து சாமான் ஏற்றிய காலையில் நான் பின்பக்கம் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன். துலக்கியதையே துலக்கிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. அவள் வந்து செடி அருகில் குந்தினாள்.

"நான் போறேன் செடி" என்றாள். "இத்தினி நாளு உன் நுனியக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். நீ வளந்துட்டா அந்தாண்ட இன்னா நடக்குதுன்னு எனுக்குத் தெரியாம பூடும்னு பயம். இனிமே கிள்றதுக்கு ஆள் இல்ல. நல்லா வளந்துக்கோ."

நர்சரிக்காரர் மேல் பாய்ந்தேனே, பாவம். செடியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்கினேன். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வாங்கியவர் நல்ல மனிதர். பதினைந்தே நாளில், எங்கள் மாமனார் பேச்சுக்குக் கட்டுப்படாதவராக, எட்டடிச் சுவர் எழுப்பினார். செடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண். வெயில் நின்றது. பூ நின்றது. ஆனால் செடி, அந்த அடக்கமான குட்டை ரகம், வளரத் தொடங்கியது. வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் ஒல்லி ஒல்லியாக மேலே போனது. ஒன்றரை வருஷத்தில் என் தோளைத் தொட்டது. நான் ஆசைப்பட்டபடி மறைக்கத்தான் செய்தது. மறைக்க அங்கே சுவர்தான் இருந்தது.

போன் செய்யலாம்தான், நம்பர் இருந்தது. ஆனால் போனில் ஜாடை பேச முடியாது, நேராகப் பேச வேண்டும். அது எனக்கு வரவில்லை. நான்கைந்து தடவை எடுத்து எடுத்து வைத்தேன். போன வாரம் துணி காயப்போடும்போது ஒரு கிளை கன்னத்தில் உரசியது. ஈரக் கையோடேயே நம்பரைப் போட்டுவிட்டேன்.

"யாரு?" என்றாள். நான் கையிலிருந்த ஈரத்துணியை உதறினேன். அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "செடி எப்டி கீது?" என்று கேட்டாள்.

"வளந்துடுச்சி."

"எவ்ளோ?"

"என் தோள் ஒசரம்."

"ஐயோ, நீ கிள்றதில்லியா?"

"என் பக்கம் கிள்றேங்க்கா. உன் பக்கம் கை எட்டல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நாய்த்திக்கெழம வரேன்" என்றாள். "கத்திரிக்கோல் வெச்சிரு."