மேலே போன லிஃப்ட்

மூன்று வருடங்களுக்கு முன், கல்முனை பஸாரில் ஒரு மூன்று மாடித் துணிக்கடையில் நடந்தது இது. நான் எரிந்துபோன மோட்டர்களுக்குப் புதுக் கம்பி சுற்றுகிறவன். வயல் பம்பு, அரிசி ஆலை மோட்டர் என்று இருபது வருடமாக நான் கை வைத்து எதுவும் பிழையாய்ப் போனதில்லை. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

கடை லிஃப்டின் மோட்டர் உறுமிவிட்டு நின்றுபோனது. லிஃப்ட் வேலைக்காரர்கள் கொழும்பிலிருந்து வர நான்கு நாள் ஆகுமாம். பெருநாள் வியாபார நேரம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “லிஃப்ட் வேலையும் தெரியும்தானே, தம்பி?” என்று கேட்டார்.

“மோட்டர் எல்லாம் ஒண்டுதானே, முதலாளி” என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளியும் ஆண்களும் கடையை அடைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார்கள். உள்ளே யாரும் இல்லை என்றே நினைத்தேன். மெயின் கரண்டை நிறுத்தினேன். லிஃப்ட் கதவு திறந்தபடி கீழ் மாடியில்தான் நின்றது. இதற்குமேல் விழ இடமில்லை என்ற தைரியத்தில், மேல்தட்டு அறையில் மோட்டரைக் கழற்றப்போய், கயிற்றுச் சக்கரத்தைப் பிடித்திருந்த பிரேக்கைக் கம்பியால் நெம்பினேன்.

கரண்டே இல்லாமல் கயிற்றுச் சக்கரம் சுழலத் தொடங்கியது. பயத்தில் கம்பியை விட்டேன். பிரேக் பிடித்து நின்றது.

அப்போதுதான் மூளையில் உறைத்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு பாரம் தொங்குகிறது. ஆளில்லாத லிஃப்டைவிட அது கனம். பிரேக் விட்டால் லிஃப்ட் விழாது, மேலே இழுபடும். அரிசி ஆலை மோட்டரில் இப்படி ஒரு தொல்லை கிடையாது.

கீழே ஓடினேன். கடையில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி விளக்குமாற்றோடு நின்றாள். உள்ளறையில் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு, சும்மா நிற்கும் லிஃப்டைக் கூட்டலாமென்று ஒரு காலை உள்ளே வைத்திருக்கிறாள். தரை உயர்ந்ததும் காலை வெளியே இழுத்துவிட்டிருக்கிறாள். இப்போது லிஃப்டின் தரை அவள் இடுப்பு உயரத்தில் நின்றது. அதில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

“லிஃப்ட் சரிவந்திட்டா, அண்ணன்?” என்று சிரித்தபடி கேட்டாள்.

“இல்ல பிள்ளை. எனக்கு இந்த வேலை தெரியாது” என்றேன்.

முதலாளி வந்ததும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒண்டும் ஆகல்ல. கொழும்பு ஆக்களே வரட்டும். நாலு நாளைக்குப் படியில ஏறுவம்” என்றார். ஏசியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கொழும்பு வேலைக்காரர்கள் வந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். எல்லா மாடிக் கதவுகளையும் பூட்டி, அறிவிப்புப் பலகை தொங்கவிட்டு, அந்தப் பாரத்தைக் கீழே இறக்கி முட்டுக்கொடுத்த பிறகே பிரேக்கையும் மோட்டரையும் கழற்றினார்கள். கழற்றிய மோட்டரைச் சுற்ற என்னிடமே தந்தார்கள்.

இப்போதும் லிஃப்ட் மோட்டர் என் மேசைக்கு வந்தால் சுற்றிக் கொடுப்பேன். கட்டிடத்துக்கு வரச் சொன்னால், அதற்குரிய ஆளைக் கூப்பிடுங்கள் என்றுவிடுவேன். முதலாளி கேட்ட அந்த நிமிடமே ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளையின் கால் போகப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் என் வாயில் வந்தது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.