கிளைமாக்ஸைச் சொன்னது நான்தான்

இன்று மதுரையில் அந்தப் பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்தைத் தனியாகப் பார்த்தேன்.

முதல் பாகத்தைக் கல்லூரித் தோழி செல்வியோடு பார்த்திருந்தேன். எத்தனை தலை உருண்டாலும் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். இரண்டாம் பாகத்தில் ரத்தம் இன்னும் அதிகம். ஆனால் சாகப்போகிறவர்களோடு நம்மை நன்றாகப் பழகவிட்டுப் பிறகுதான் கொல்கிறார்கள். சிரிப்பே வரவில்லை.

உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறியதும் செல்வியை அழைத்தேன். கல்யாணமாகி எழுமலையில் இருக்கிறாள்.

"முதல் பாகத்தவிட நல்லா இருக்குடி. கதையச் சொல்லல, நீயே பாரு."

யாராவது கதையைச் சொல்லிவிட்டால் ஒரு வாரம் பேசாமல் இருப்பவள் அவள்.

"இல்லடி, முழுசாச் சொல்லு. முடிவையும் சொல்லு. இங்க யாரு என்னயப் படத்துக்கு விடப் போறா?"

சொன்னேன். பஸ் இரைச்சலில் மெதுவாகப் பேசினால் அவளுக்குக் கேட்கவில்லை. வகுப்பில் எழுந்து பெயர் சொல்லவே கூசிய நான், கோடரி வெட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னேன்.

முன்சீட்டு அண்ணன் திரும்பினார். "தங்கச்சி, நாங்க நாளைக்கு டிக்கெட் போட்டுருக்கோம். கிளைமாக்ஸ மட்டும் விட்ரும்மா."

போனில் செல்வி, "ம்... அப்புறம்?" என்றாள்.

அண்ணே, இந்தப் பதிவைப் படித்தால் கமெண்டில் திட்டிவிட்டுப் போங்கள். உங்களுக்கு நாளைக்குப் படமாவது இருக்கிறது.