பன்னிரண்டு வருது, ஆனா தப்பு

ரேலீன் ஸ்டப்ஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. துலாரே வட்டாரத்தில் எந்தப் பால்பண்ணைத் திருப்பத்தில் எந்தப் பிள்ளை ஏறும், எந்த வீட்டு நாய் டயரைத் துரத்தும் எல்லாம் அவளுக்கு அத்துபடி. கணக்கில் வரும் எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி முழிப்பாள்.

முழித்தால் முழிக்கட்டும் என்று விட்டுவிடவும் வழியில்லை. பஸ்களை அனுப்பும் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் வேலை ஜனவரியில் காலியாகிறது. ஆறு வருஷமாக அந்த வேலையைப் பாதி பார்ப்பவள் ரேலீன்தான். அவள் கையால் தொழில் கற்றுக்கொண்ட ரெண்டு பேர் அவள் தலைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்து, ஓய்வும் பெற்றுப் போய்விட்டார்கள். அவர்களிடம் ரெண்டு வருஷக் கல்லூரிப் பட்டம் இருந்தது, இவளிடம் இல்லை. பதினொரு வருஷமாக, பருவத்துக்கு ஒரு பாடமாக ஊரிலுள்ள சமூகக் கல்லூரியில் படித்து, சரித்திரம், ஆங்கிலம், மண்ணியல் என்று எல்லாவற்றையும் தாண்டிவிட்டாள். மிச்சம் இந்த ஒன்று, இடைநிலை அல்ஜீப்ரா. பஸ்ஸை எந்தத் தெருவில் திருப்புவது என்று சொல்ல வர்க்கமூலம் என்ன எழவுக்கு? கேட்டால் விதி என்பார்கள். விதிதான், வேறென்ன!

இது மூன்றாவது தடவை. முதல் தடவை பாதியில் விலகிக்கொண்டாள். அந்த யோசனை, அவளோடு பஸ் ஓட்டும் ஒஃபீலியாவுடையது. "அடியே, ஃபெயில் ஆகறதுக்கு முன்னாடி பேரை எடுத்துடு. டபிள்யூன்னு போடுவாங்க. அது உடம்புல ஒட்டாது" என்று சொன்னாள் புண்ணியவதி. அந்த டபிள்யூவும் ஒரு தடவைக் கணக்குதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. ரெண்டாவது தடவை கடைசி வரை போய் டி வாங்கினாள். மூன்று தடவைக்கு மேல் அந்தக் கல்லூரியில் அதே பாடத்தை எடுக்க விடமாட்டார்கள். இந்தத் தடவை சி வாங்காவிட்டால் பட்டமும் இல்லை, மேற்பார்வையும் இல்லை.

காலைச் சவாரி முடிந்து ஒன்பதரைக்கு வகுப்பு. பாடம் எடுத்த மிஸ்ஸஸ் கசாரியனுக்கு முப்பத்து நாலு வயசு, ரேலீனைவிடப் பதினாலு வயசு சின்னவள். பொறுமைசாலி. அவள் பலகையில் எழுதும்போது எல்லாம் பளிச்சென்று புரியும். ரேலீன் வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் நோட்டைப் பிரித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. எதை எந்தப் பக்கம் தள்ளினால் குறி மாறும், எதைத் தள்ளினால் மாறாது என்று நான்கு பக்கம் எழுதி, நான்கையும் கிழித்துப் போடுவாள்.

கணவன் வெர்லின் அவரைக்காய்ச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டே வம்புக்கு இழுப்பான். "அந்த எக்ஸ் காணாமப் போய் எத்தனை நாளாச்சு? போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து சாப்பிடு."

"சும்மா இருக்கியா, இல்ல இந்தச் சட்டியை உன் தலையில கவுக்கட்டுமா?"

"தலையில கவுத்தா சட்டிக்குத்தான் சேதம்" என்பான் அவன். ரேலீனுக்குச் சிரிப்பு வரும், அழுகையும் வரும்.

நவம்பர் கடைசியில் மூடுபனி இறங்கியது. துலாரே இருக்கும் பள்ளத்தாக்கில் அது இறங்கினால் சாலையின் மஞ்சள் கோடே கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் பள்ளிக்கூட பஸ் எல்லாம் ரெண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பும். அன்றைக்கும் காலை ஐந்தரைக்கே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ரேலீன் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டபோது மணி பத்தரை தாண்டிவிட்டது, வகுப்பு போயே போச்சு. வர்க்கமூலம் உள்ள சமன்பாடுகளை எப்படி முடிப்பது என்பது அன்றைய பாடம். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டதற்கு, "பெருசா ஒண்ணுமில்ல ரேலீன். வந்த விடையைத் திருப்பி அதே கணக்குல போட்டுப் பார்க்கணும்னாங்க, அவ்வளவுதான்" என்றாள். போட்டுப் பார்த்து, சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, ரேலீனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பர் நடுவில் கடைசித் தேர்வு. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், ரெண்டு மணி நேரம். இதில் அறுபத்தெட்டு எடுத்தால் மொத்தத்தில் சி. அறுபத்தேழு எடுத்தால் பதினொரு வருஷமும் தண்ணீரில் போட்ட உப்பு. முதல் ஆறு கேள்வியை முட்டி மோதிச் சரியாகவே போட்டுவிட்டாள். ஏழாவது கேள்வி பார்க்க ரொம்பச் சாதுவாக இருந்தது. எக்ஸிலிருந்து மூன்றைக் கழித்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, ஐந்தைக் கூட்டினால் ரெண்டு வருகிறதாம். எக்ஸ் எவ்வளவு?

ஐந்தை அந்தப் பக்கம் தள்ளினாள். ரெண்டு பக்கத்தையும் வர்க்கமாக்கினாள். எக்ஸ் பன்னிரண்டு என்று வந்தது. அட, நாமா போட்டோம் என்று அவளுக்கே ஆச்சரியம். அதோடு விட்டிருக்கலாம், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் பஸ்ஸை நிறுத்தியதும் கடைசி சீட் வரை நடந்து, தூங்கிப்போன பிள்ளை ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்காமல் சாவியை எடுக்கிற வழக்கம் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்கு இருந்ததில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. அதன் வர்க்கமூலம் மூன்று. மூன்றும் ஐந்தும் எட்டு.

எட்டா? ரெண்டு அல்லவா வரவேண்டும்!

சரி, எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். பன்னிரண்டு. இன்னும் ரெண்டு தடவை போட்டாள். மறுபடியும் பன்னிரண்டு. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பார்த்தாள், ஒரு வரியிலும் தப்பில்லை. வரியெல்லாம் சரி, விடை தப்பு. இது எந்த ஊர் நியாயம்? கடிகாரத்தைப் பார்த்தால் இந்த ஒரு கணக்கிலேயே முப்பத்தைந்து நிமிஷம் போயிருந்தது. எட்டாவதை அவசரமாகக் கிறுக்கினாள், ஒன்பதாவதைத் தொடக்கூட நேரமில்லை, பத்தாவதும் அப்படியே. நேரம் முடிய ரெண்டு நிமிஷம் என்று மிஸ்ஸஸ் கசாரியன் சொன்னபோது, ஏழாவது கேள்விக்குக் கீழே ரேலீன் மளமளவென்று எழுதினாள்: 'பன்னிரண்டு வருது, ஆனா தப்பு. நாலு தடவை போட்டுட்டேன். ரெண்டு வரவே வராது. இதுக்கு விடை எதுவும் இருக்கிறதா எனக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க.' தாளைக் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து, காரில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

வீட்டுக்குப் போனதும் வெர்லினிடம், "முடிஞ்சுது. இனி அந்தப் பேச்சை எடுக்காதே" என்றாள். அவனும் அன்றைக்கு வம்பு பண்ணவில்லை.

நான்கு நாள் கழித்துக் கல்லூரி இணையதளத்தில் மார்க் வந்தது. பார்க்கமாட்டேன் என்று அவள் அடம்பிடித்ததால் வெர்லின்தான் பார்த்தான். "ரேலீன், சி போட்டிருக்கு."

"பேரை ஒழுங்காப் பாரு."

"ஊர்ல எத்தனை ரேலீன் ஸ்டப்ஸ் இருக்காங்க? நீதான்."

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ரெண்டு கேள்வியை வெறுமையாக விட்டவளுக்கு எப்படி சி வரும்? அவர்கள் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் போய் நான் பாஸ் என்று சொன்ன பிறகு, அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் நாலு பேர் முன்னால் நிற்க முடியுமா? மறுநாள் காலையே கல்லூரிக்குப் போனாள்.

மிஸ்ஸஸ் கசாரியன் தன் அறையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். "மிஸ், என் மார்க்ல தப்பு இருக்கு" என்றாள் ரேலீன். "எனக்கு சி போட்டிருக்கீங்க."

"கூட்டிப் போடச் சொல்லி நிறையப் பேர் வந்தாங்க. குறைச்சுப் போடச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்." சிரித்துக்கொண்டே விடைத்தாள் கட்டிலிருந்து ரேலீனின் தாளை உருவினாள். "அறுபத்தொம்பது. நானே ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்."

"எப்படி? அந்த ஏழாவது கணக்கு எனக்கு வரவே இல்லையே."

"அதுலதான் முழுசாப் பத்து மார்க் வாங்கியிருக்கீங்க. இல்லேன்னா அம்பத்தொம்பது. முப்பத்தொரு பேர்ல இருபத்தெட்டுப் பேர் பன்னிரண்டுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க, ரேலீன். அந்தக் கணக்குக்கு விடை கிடையாது. சில கணக்குக்கு இருக்காது."

"விடை இல்லாத கணக்கை எதுக்கு மிஸ் குடுக்கறீங்க?"

"இல்லேன்னு யார் கண்டுபிடிக்கறாங்கன்னு பார்க்கத்தான்."

"நான் கண்டுபிடிக்கலையே! எனக்கு வரலேன்னுதானே எழுதினேன்? என்கிட்டதான் தப்புன்னு நெனச்சேன்."

மிஸ்ஸஸ் கசாரியன் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். ஏழாவது கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் பத்து என்று இருந்தது. ரேலீன் எழுதியிருந்த வரிகளில் எதிலும் கை வைக்கவில்லை, கடைசியில் இருந்த 'மன்னிச்சுக்குங்க' என்பதை மட்டும் சிவப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'இது மட்டும் தப்பு.'