எங்கள் வாய்க்காலின் முன்தீர்ப்பு

விமலேஸ்வரி அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் சட்டம் படிக்கும் பைத்தியம் பிடித்தது. உருத்திரபுரத்தில் இரண்டு ஏக்கர் வயல், எங்கள் வாய்க்கால் கமக்காரர் அமைப்பில் செயலாளர் வேலை, அதற்கு மேல் தொலைக்கல்வியில் சட்டம். பக்கத்து வயல்காரன் என்பதால் அவருடைய பாடங்களிலிருந்து எனக்குத் தப்ப வழியில்லை.

ஒருநாள் வரம்பால் ஓடியே வந்தார்.

"தம்பி, பொதுச் சட்டம் எண்டால் என்னெண்டு தெரியுமே? ஒருத்தரும் இருந்து எழுதின சட்டமில்லை. இங்கிலாந்திலை முந்தி ஊருக்கு ஒரு வழக்கம். ராசாவின்ரை நீதிபதியள் ஊர் ஊராப் போய் வழக்குக் கேட்டு, திரும்பி வந்து தங்களுக்குள்ளை கதைச்சு, ஒரே மாதிரி வழக்குக்கு ஒரே மாதிரித் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினவை. முழு நாட்டுக்கும் பொது எண்டபடியால்தான் அந்தப் பேர். முந்தின தீர்ப்பு பிந்தின வழக்கைக் கட்டும். எங்கடை வாய்க்காலிலையும் இதுதானே நடக்குது."

அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து நானும் தலையாட்டினேன்.

இந்தக் கோடைச் சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்தது. அக்காவின் வயல் வாய்க்காலின் கடைசியில். நெல் கதிர் கருக்கட்டும் குடலைப் பருவம். நாலு நாளில் தண்ணீர் ஏறாவிட்டால் எல்லாம் பதர். தட்டுப்பாடு வந்தால் கடைசி வயலுக்கே முதல் தண்ணீர் முறை என்பது எங்கள் வழக்கம். வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருக்கும் வீரகத்தி அண்ணை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கை எழுதிக் கிடக்கு?" என்றார்.

அக்கா பழைய கூட்ட அறிக்கைக் கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்டும் பிடித்தார். கூட்டத்தில் தலைவர் தயாபரனுக்கு முன்னால் எழுந்து நின்று கணீரென்று வாசித்தார்: "தட்டுப்பாட்டில் கடைசி வயலுக்கே முதல் தண்ணீர்."

எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. ஆனால் அக்காவின் குரல் இறங்கியது. கீழே இன்னொரு வரி இருந்தது. "வாய்க்கால் துப்புரவுக்கு வராதவருக்குக் கடைசி முறை." இந்த வருடத் துப்புரவன்று அக்கா வவுனியாவில் சட்டப் படிப்புச் சோதனை எழுதிக்கொண்டிருந்தார். நானென்றால் கொப்பியை மூடியிருப்பேன். அவர் அந்த வரியையும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இதை எழுதின வருசம் ஆர் வராமல் விட்டது?" என்று வீரகத்தி அண்ணை கேட்டார்.

அக்கா கொப்பியைப் பார்த்துச் சொன்னார்: "மூக்கன். மாட்டுவண்டிச் சவாரி பாக்கப் போனவர்."

"சவாரியும் சோதினையும் ஒண்டே?" என்று வீரகத்தி அண்ணையே கேட்டார்.

அக்கா துள்ளி எழுந்தார். "அண்ணை, இதைத்தான் நீதிபதியளும் செய்யிறவை. சங்கதி வேறை எண்டால் பழைய தீர்ப்புக் கட்டாது."

தயாபரன் அப்படியே முடிவு சொன்னார். சோதனைக்குப் போனதற்காக முறை பறிபோகாது. அக்காவுக்கே முதல் தண்ணீர். அக்கா அதை எழுதக் குனிந்தபோது வீரகத்தி அண்ணை மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, சோதினை எண்டு மட்டும் எழுதாதை. தவிர்க்கேலாத காரியம் எண்டு எழுது. அடுத்த துப்புரவு நேரம் எனக்குக் கண் ஒப்பரேசன்."

"இண்டைக்கு வந்த வழக்கு சோதினை மட்டும்தான், அண்ணை. உங்கடை கண் வரேக்கை அதைப் பாப்பம்."

வீரகத்தி அண்ணை அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் வயல் மடையைத் தானே அடைத்தார். அடுத்த நாள் காலை அக்காவின் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.