அவர் வாங்கிய நீச்சல் சட்டை

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கும். கல்யாணமான புதிதில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். ஒருநாள் பார்த்துவிட்டேன். "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். சொல்லவில்லை. வீட்டிலும் பனியனோடுதான் இருப்பார் என்பதால் பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது.

தைப்பூசத்துக்கு ஆம்பிளைகள் வெற்றுடம்போடு காவடி எடுத்துப் போவார்கள். "அண்ணன் ஏன் எடுக்கிறதே இல்ல?" என்று கேட்பவர்களிடம், அவருக்கு முதுகு வலி என்று நான்தான் சொல்வேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். அவருக்காகப் பொய் சொல்ல மட்டும் எப்படியோ வாய் வந்துவிடும்.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை நீச்சல் குளத்தில் பனியனோடு இறங்கப் பார்த்தார். காவலுக்கு நின்றவர் விசிலடித்து, பனியனைக் கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். குளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான். அதற்கப்புறம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனால் மற்றவர்கள் தண்ணீரில், நாங்கள் இரண்டு பேரும் பாயில்.

"நீங்களாவது வாங்கம்மா" என்று மகள் கையைப் பிடித்து இழுப்பாள். எனக்கு ஆசைதான். முட்டி வரைக்குமாவது தண்ணீரில் நின்று பார்க்கணும் என்று இருக்கும். "பை, செருப்பெல்லாம் யாராவது பாத்துக்கணும்ல" என்று சொல்லிவிடுவேன். அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தால், ஏன் இறங்கவில்லை என்று கேட்பார்கள். இரண்டு பேராக இருந்தால் கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான்.

இப்போதெல்லாம் ஆம்பிளைகள் சட்டை போட்டுக்கொண்டே நீந்துகிறார்கள். முழுக்கை வைத்து, உடம்போடு ஒட்டின நீச்சல் சட்டை. வெயிலுக்காம். என் மருமகனிடமும் ஒன்று இருக்கிறது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்திருக்கிறார்.

போன மாதம் தேக்கா சந்தையில் நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, "பேட்டரி வாங்கிட்டு வரேன்" என்று போனார். ரொம்ப நேரம் கழித்து ஒரு பையோடு வந்தார். என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் வழக்கம்போலப் பாயை விரித்தேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மறைக்கலாம் என்று துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உள்ளே கருநீலத்தில் நீச்சல் சட்டை.

"அப்பா, சூப்பர் லா!" என்று மகள் கத்தினாள்.

"மாமா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று மருமகன் கேலி பண்ணினார்.

அவர் சிரித்துக்கொண்டே, கழற்றின சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். அந்த வயதில் ஓடினார். கழுத்து வரை தண்ணீரில் நின்றார். ஒரு தடவைகூடக் கரைப் பக்கம் திரும்பவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றுகொண்டே இருந்தேன். மகளும் என்னைக் கூப்பிடவில்லை. எப்போதும் மாட்டேன் என்கிறவளை எதற்குக் கூப்பிடுவாள்?

சொட்டச் சொட்ட வந்து பாயில் உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்தை வீணாக்கிட்டேன், தெரியுமா?" என்றார்.

"எனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல" என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "உனக்கு எதுக்கு? நீதான் தண்ணியில இறங்கவே மாட்டியே. அப்புறம் பைய யாரு பாத்துக்கிறது?" என்றார்.

அவருக்காக நான் சொல்லிக்கொண்டிருந்த சாக்கு அது. நான் நிஜமாகவே பைக்குக் காவல் இருந்ததாகத்தான் அவர் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறும் கிளம்பச் சொன்னார். எனக்குக் கால் வலி என்றேன். வலி ஒன்றும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"சரி, படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடும் கம்பில் காய்ந்த நீலச் சட்டையை உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.